பாதிக்குப் பாதி

மட்டாஞ்சேரி,
12.06.2023

மரியாதைக்குரிய சங்கரலிங்கம் அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் சுகமாக இருக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதமே.

உங்களுக்கு என்னைத் தெரியாது. 1986-இல் கோவில்பட்டியிலிருந்து கொச்சிக்கு வந்து, திரும்பிப் போகாத ராமரின் மகள் நான். பெயர் சங்கரி. இங்கே ஒரு மிளகு கிடங்கில் வேலை பார்க்கிறேன். உங்களை அண்ணன் என்று எழுத எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை, அதனால் பெயரைச் சொல்லி எழுதியிருக்கிறேன். பள்ளியில் படித்தது மலையாளம். தமிழ் எழுத்து என் அம்மா மாயம்மாள் சொல்லித் தந்தது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எதையும் கேட்டு எழுதவில்லை. ஒரு விஷயம் சொல்ல வேண்டும்.

அப்பா 1999-இல் தவறிப்போனார். பஜார் ரோட்டில் அரிசி மூட்டை இறக்கிவிட்டுச் சாயா குடிக்க உட்கார்ந்தவர், கிளாஸைப் பிடிக்க முடியவில்லை என்றார். சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது. வயது நாற்பத்து நான்கு. சுமை தூக்கித் தூக்கி உடம்பு போய்விட்டது என்றார்கள். நாங்களும் நம்பினோம். போன டிசம்பரில் என் தம்பி ரமேஷ்பாபு வைட்டிலா பஸ் நிலையத்தில் விழுந்தான். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. அவன் சுமை தூக்கியவன் இல்லை. காக்கநாட்டில் ஏசி மெக்கானிக். வயது முப்பத்தொன்று.

அதற்குப் பிறகுதான் டாக்டர் ஷபானா என் ரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினார். என் ஜீனில் ஒரு சின்ன மாற்றம் இருக்கிறது. அம்மாவுக்கு அது இல்லை, அப்பா வழியில் வந்தது. சாப்பிடுகிற உப்பைச் சிறுநீரகம் வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதனால் இள வயதிலேயே ரத்த அழுத்தம் ஏறிவிடும். ஆளைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒருநாள் மூளையிலோ இதயத்திலோ காட்டிவிடும். வழக்கமான பிரஷர் மாத்திரைக்கு இது சரியாக அடங்காது. இதற்குத் தனி மாத்திரை உண்டு. நான் அதைச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறேன்.

அப்பாவுக்குப் பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார் டாக்டர். அப்பாவுக்கு வேறு மக்கள் உண்டா என்று கேட்டார். அம்மா அன்றைக்குத்தான் உங்கள் பெயரை முதன்முதலாகச் சொன்னாள். தயவுசெய்து நீங்களும் உங்கள் பிள்ளைகளும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். என் போன் நம்பரைக் கீழே எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
சங்கரி


மட்டாஞ்சேரி,
20.07.2023

மரியாதைக்குரிய சங்கரலிங்கம் அவர்களுக்கு,

வணக்கம். எல்லோரும் சௌக்கியம்தானே. போன மாதம் அனுப்பிய பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டை எனக்கு வந்துவிட்டது. அதில் இருப்பது உங்கள் கையெழுத்து என்றுதான் நினைக்கிறேன். ஐந்து வாரமாகப் பதில் இல்லை. பதில் எனக்கு வேண்டாம். பிரஷர் பார்த்தீர்களா என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

இங்கே மழை விடவே இல்லை. மிளகு காயாமல் கிடக்கிறது.

சங்கரி


கோவில்பட்டி,
04.08.2023

சங்கரி அவர்களுக்கு,

உங்கள் இரண்டு கடிதமும் கிடைத்தன. இங்கே யாருக்கும் எந்தக் குறையும் இல்லை.

நீங்கள் சொல்லும் ராமர் போனபோது எனக்கு ஒன்பது வயது. என் தாயார் நீலாம்பாள் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கி என்னை வளர்த்தார். புருஷன் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் கடைசிவரை பொட்டு வைத்துக்கொண்டே இருந்தார். அம்மா இறந்து ஆறு வருடம் ஆகிறது. 1999-இல் நடந்த சாவை நான் இப்போது உங்கள் கடிதத்தில் படித்துத் தெரிந்துகொள்கிறேன். இனி யாரிடம் போய்ச் சொல்ல?

அவர் எங்களுக்கென்று எதையும் விட்டுவிட்டுப் போகவில்லை. வியாதியையும் விட்டுப் போயிருக்க மாட்டார்.

என் மகள் அமுதவள்ளிக்குத் தை மாதம் கல்யாணம் பேசி முடித்திருக்கிறோம். மாப்பிள்ளை வீடு திருப்பூர். பரம்பரை வியாதி என்று ஒரு சொல் வெளியே போனால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நான் போனிலும் பேச மாட்டேன். என் வீட்டில் ஒரு போன் அடித்தால் நாலு பேர் யாரென்று கேட்பார்கள். அவசியம் எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் கடை விலாசத்துக்கு மட்டும் எழுதவும்.

சங்கரலிங்கம்
மோட்டார் காயில் கட்டும் கடை


மட்டாஞ்சேரி,
15.08.2023

அண்ணன் அவர்களுக்கு,

இப்படி எழுதிவிட்டேன். பிடிக்கவில்லை என்றால் இந்த ஒரு வார்த்தையை மட்டும் அடித்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

உங்கள் அம்மாவைப் பற்றி நீங்கள் எழுதியதை என் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் அன்றைக்கு அடுப்படிக்கே போகவில்லை.

கல்யாண வீட்டில் கலகம் பண்ண எனக்கு ஆசை இல்லை. யாருக்கும் தெரிய வேண்டாம். மருந்துக் கடையில் கையை நீட்டினால் இரண்டு நிமிடம். அதை மட்டும் செய்யுங்கள். இன்னொன்றும் கேட்கிறேன். சில நாட்களில் காரணமில்லாமல் கை கால் சோர்ந்து போகிறதா? கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறதா? உப்பு உடம்பில் தங்கினால் பொட்டாசியம் என்று வேறொரு சத்து இறங்கிவிடுமாம். எனக்கு அப்படித்தான் இருந்தது. மாடிப்படி ஏற முடியாமல் நடுவில் உட்கார்ந்திருக்கிறேன், முப்பத்துமூன்று வயதில்.

அமுதவள்ளிக்கும் கல்யாணத்துக்கு முன்னால் ஒருமுறை பார்த்துவிட்டால் நல்லது. நாளைக்கு அவள் பிள்ளை உண்டாகும்போது இது தெரியாமல் இருந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து.

அங்கே எல்லோரும் நன்றாக இருக்கட்டும்.

சங்கரி


கோவில்பட்டி,
09.10.2023

சங்கரி அவர்களுக்கு,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம். பிரஷர் பார்த்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது. மகளுக்கும் ஒன்றுமில்லை. இத்தோடு உங்கள் மனது சமாதானம் ஆகட்டும்.

பத்திரிகை அடிக்கக் கொடுத்தாயிற்று. மண்டபமும் பேசியாயிற்று.

அந்த மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவே இல்லை. சும்மா தெரிந்து வைத்துக்கொள்ளலாம் என்று கேட்கிறேன்.

சங்கரலிங்கம்


மட்டாஞ்சேரி,
16.10.2023

அண்ணன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கண்டேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். எவ்வளவு என்று எழுதவில்லை.

மாத்திரையின் பெயரை எழுத என் கை வரவில்லை. ரத்தம் பார்க்காமல் அதைச் சாப்பிட்டால் இதயத்துக்கே கெடுதல் என்று டாக்டர் கண்டித்துச் சொன்னார். அதற்குப் பதில் அவரிடமே ஒரு கடிதம் வாங்கி இதோடு வைத்திருக்கிறேன். எந்த ஊர் டாக்டரிடம் கொடுத்தாலும் புரிந்துகொள்வார். ரத்தம் பார்த்துவிட்டு மாத்திரையை அவரே எழுதித் தருவார். அங்கே காட்ட யோசனையாக இருந்தால் இங்கே வந்துவிடுங்கள். மிளகு வியாபாரம் பேசப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிக்கொள்ளலாம். நான் எர்ணாகுளம் ஸ்டேஷனுக்கு வந்து கூட்டிக்கொண்டு போகிறேன். காலையில் வந்தால் சாயங்காலம் வண்டி ஏறிவிடலாம்.

எனக்குக் கோபமெல்லாம் இல்லை. வந்தால் போதும்.

சங்கரி


மட்டாஞ்சேரி,
11.02.2024

அண்ணன் அவர்களுக்கு,

தை முடியப் போகிறது. அமுதவள்ளியின் கல்யாணம் நல்லபடியாக நடந்திருக்கும். மணமக்கள் நீண்ட காலம் நன்றாக இருக்கட்டும். நான்கு மாதமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. என் கடிதங்களை நீங்கள் பிரிப்பதே இல்லையோ என்றும் நினைத்தேன். இதை மட்டும் பிரித்துப் படியுங்கள்.

உங்களுக்கு எழுதிய முதல் கடிதத்தில் நான் ஒரு பொய் சொன்னேன். தம்பி போன பிறகுதான் எனக்குப் பரிசோதனை நடந்தது என்று எழுதியிருந்தேன். அப்படி இல்லை. அவன் இறப்பதற்கு நான்கு மாதம் முன்னாலேயே முடிவு என் கையில் இருந்தது. 2022 ஆகஸ்டு. டாக்டர் ஷபானா எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, "தம்பியை இந்த வாரமே கூட்டிக்கொண்டு வரணும் சங்கரி" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

அப்போது ரமேஷ்பாபுவுக்குக் கும்பளங்கியில் பெண் பார்த்து நிச்சயம் செய்திருந்தோம். ஜனவரியில் கல்யாணம். ஏற்கெனவே அப்பா இல்லாத வீடு, தமிழ்க்காரர் வீடு என்று அவர்கள் பக்கத்தில் முணுமுணுப்பு. இதையும் சொன்னால் அந்தச் சம்பந்தம் நிற்காது. ஐந்து மாதம்தானே, கல்யாணம் முடியட்டும் என்று நினைத்தேன். டாக்டர் இரண்டு முறை போனில் கூப்பிட்டார். ஊரில் இல்லை என்றேன்.

நவம்பரில் ஒருநாள் வேலையிலிருந்து வந்தவன் படியில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டான். "அக்கா, கெண்டைக்கால் முறுக்கிப் பிடிக்குது. பாத்ரூம் வாளியைத் தூக்கக்கூட கையில தெம்பில்ல" என்றான்.

"வெயில்ல மொட்டை மாடியிலயே நின்னா அப்படித்தான்டா" என்று சொல்லி, மோர் கலக்கிக் கொடுத்தேன். உப்புப் போட்டு. எனக்கு எல்லாம் தெரிந்திருந்தும் உப்புப் போட்டுக் கொடுத்தேன். நன்றாக இருக்கிறது என்று இன்னொரு டம்ளர் வாங்கிக் குடித்தான். அதற்குப் பிறகு பதினேழு நாள்.

அம்மாவுக்கு இது தெரியாது. அந்தப் பெண் வீட்டாருக்கும் தெரியாது. உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன். தையில் கல்யாணம் என்று நீங்கள் எழுதியபோதே உங்கள் மனதில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதே எண்ணத்தில்தான் நானும் நாலு மாதம் இருந்தேன். இதைச் சொல்லாமல் உங்களுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்ததற்கு மன்னித்துவிடுங்கள்.

கல்யாணம் முடிந்துவிட்டது அண்ணா. இனி என்ன தடை?

சங்கரி


கோவில்பட்டி,
22.04.2024

தங்கை சங்கரிக்கு,

அண்ணன் எழுதுவது. நீ சுகம்தானா? மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறாயா? உன் அம்மா எப்படி இருக்கிறார்கள்?

எழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்துப் பயப்படாதே. ஒரு மாதமாக வலது கை விரல்கள் சொன்னபடி கேட்பதில்லை. கம்பியைப் பிடித்து இழுத்துச் சுற்ற முடியவில்லை. கடைப் பையன்கள்தான் காயில் கட்டுகிறார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறேன்.

மாசியில் வந்த உன் கடிதத்தைப் படித்து இரண்டு மாதமாகிறது. எத்தனையோ முறை எழுத உட்கார்ந்தேன்.

நானும் பொய்தான் எழுதினேன். செப்டம்பரில் பார்த்தபோது 190-க்கு 120. மருந்துக் கடைக்காரன் மிஷின் கெட்டுவிட்டது என்று வேறொன்றில் பார்த்தான். அதிலும் அதே. அவனே கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்டு வருகிறேன். குறையவில்லை. வோல்டேஜ் கூடிப்போனால் மோட்டார் ஓடிக்கொண்டேதான் இருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே இன்சுலேஷன் கருகிக்கொண்டிருக்கும். தினமும் அதைத்தான் பிரித்துப் பார்க்கிறேன், எனக்குத் தெரியாதா? உன் டாக்டர் கொடுத்த கடிதத்தை யாரிடமும் காட்டவில்லை. இங்கே உள்ள டாக்டர் சம்பந்தி வீட்டுக்குச் சொந்தம்.

இப்போது எழுதக் காரணம் அமுதா. இரண்டு மாதமாக முழுகாமல் இருக்கிறாள். ஓயாத தலைவலி என்கிறாள். திருப்பூரில் நர்ஸ் பார்த்துவிட்டு 160-க்கு 110 என்று சொல்லி, பயத்தில் கூடியிருக்கும், அடுத்த மாதம் வா என்று அனுப்பிவிட்டாளாம். என்னிடம் போனில் அதைச் சொல்லிச் சிரிக்கிறாள். நான் வேறு பேச்சுக்கு மாறிவிட்டேன். விஷயத்தைச் சொல்லி, கல்யாணத்துக்கு முன்னாலேயே தெரியுமா என்று அவள் கேட்டால் நான் என்ன சொல்வேன்?

அவள் விலாசத்தைக் கீழே எழுதியிருக்கிறேன். நீ எழுது. நான் சொன்னேன் என்று எழுதாதே.

அண்ணன்,
சங்கரலிங்கம்


மட்டாஞ்சேரி,
28.04.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. நான் அவளுக்கு எழுதவில்லை. நேற்றுக் காலை வண்டியில் நேராகத் திருப்பூருக்கே போய்விட்டேன். தபால் போய்ச் சேரும்வரை காத்திருக்க எனக்குத் தைரியம் இல்லை.

அமுதாதான் கதவைத் திறந்தாள். நெற்றி அப்படியே ரமேஷ்பாபு.

"யாருங்க நீங்க?"

"உங்க அப்பாவோட தங்கச்சி. கொச்சியிலேர்ந்து வர்றேன்."

"அப்பாவுக்குத் தங்கச்சி கிடையாதே."

"உண்டும்மா. கொஞ்சம் உட்கார்ந்து பேசலாமா?"

அவள் மாமியார் காப்பி கொண்டு வந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றார். அவரை வைத்துக்கொண்டேதான் எல்லாவற்றையும் சொன்னேன். மறைக்க எனக்கு இனி எதுவும் இல்லை. முடித்ததும் அமுதா என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். "அப்பாவுக்கு இது எப்போ தெரியும்?"

"நான் எழுதின கடிதம் போன வாரம்தான் கிடைச்சுதாம்" என்றேன். மறைக்க எதுவும் இல்லை என்று நினைத்த ஐந்து நிமிடத்தில் இன்னொரு பொய்.

மாமியார் உள்ளே போய்விட்டார். பிறகு வெளியே வரவே இல்லை. மாப்பிள்ளை வேலையிலிருந்து வந்து, கேட்டுவிட்டு, சட்டையைக்கூட மாற்றாமல் எங்களைக் கோயம்புத்தூருக்கு அழைத்துப் போனார். அங்கே 172-க்கு 114. பொட்டாசியம் மிகவும் குறைவு. டாக்டர் ஷபானா அங்குள்ள டாக்டரிடம் போனில் பேசினார். மாத்திரை தொடங்கிவிட்டார்கள். அமுதாவை அட்மிட் செய்திருக்கிறார்கள். பிள்ளைக்கு இதுவரை ஒன்றுமில்லை என்றார்கள்.

அவள் உங்களுக்குப் போன் செய்வாள். எடுங்கள். எடுத்த கையோடு நீங்களும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விரல் சொன்னபடி கேட்காமல் போவது சாதாரணமில்லை. அப்பாவுக்கும் கையில்தான் ஆரம்பித்தது.

உங்கள் தங்கை,
சங்கரி


கோவில்பட்டி,
14.07.2024

தங்கை சங்கரிக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? அமுதாவுக்கு இப்போது 130-க்கு 80 என்று போன் வந்தது. பிள்ளை அசைகிறதாம். நீ அன்றைக்குப் போகாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை.

அவள் மாமியார் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வளைகாப்புக்கு எங்களைக் கூப்பிடுவார்களோ மாட்டார்களோ.

நான் டாக்டரைப் பார்க்கவில்லை. திட்டாதே. கிணற்றில் எல்லாம் தண்ணீர் இறங்கிவிட்டது. மோட்டார் வெறுமனே ஓடி எரிந்து எரிந்து வருகிறது. கடையில் கால் வைக்க இடமில்லை. இந்த வாரம் ஆடி பிறக்கிறது. ஆடி கழிந்ததும் கொச்சிக்கே வந்துவிடுகிறேன். உன் டாக்டரிடமே காட்டுகிறேன். அப்பாவை எங்கே அடக்கம் செய்தீர்கள் என்பதையும் அப்போது காட்டு. உன் அம்மாவையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

அண்ணன்,
சங்கரலிங்கம்


திருப்பூர்,
19.11.2024

அன்புள்ள அத்தைக்கு,

நானும் குழந்தையும் நலம். நீங்களும் மாயம்மாள் ஆச்சியும் சுகமாக இருக்கிறீர்களா? ஆச்சிக்கு முட்டுவலி பரவாயில்லையா?

அப்பா போய் மூன்று மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆடி கழிய இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. கடையில் உட்கார்ந்து பையனுக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டாராம். அன்றைக்கு நீங்கள் வந்து, வீட்டுக்குள் வராமல் தெருவிலேயே நின்றுவிட்டுப் போனீர்கள். நான் பார்த்தேன். எழுந்து வர என்னால் முடியவில்லை. அம்மாவுக்கு இப்போது மனது கொஞ்சம் இளகியிருக்கிறது. அடுத்த முறை நீங்கள் உள்ளே வர வேண்டும்.

கடையைக் காலி செய்தபோது உங்கள் கடிதங்களை எடுத்து வந்தேன். தேதிகளைப் பார்த்தேன். போன வாரம்தான் கிடைத்தது என்று நீங்கள் சொன்னது அப்பாவுக்காக என்று புரிந்தது. ரமேஷ்பாபு சித்தப்பாவைப் பற்றி எழுதியிருந்ததையும் படித்தேன். முதலில் உங்கள் இரண்டு பேர் மேலும் ஆத்திரம் வந்தது. எல்லாம் தெரிந்தவர்கள், ஒரு வார்த்தை சொல்ல எப்படி மனது வராமல் போனது என்று இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தேன். இப்போது ஆத்திரம் இல்லை.

குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறாள். பிறந்தபோது இரண்டரைக் கிலோ, இப்போது மூன்றே கால். அவளைப் பார்த்த பிறகு மாமியார் என்னோடு பேச ஆரம்பித்துவிட்டார். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதெல்லாம் அவர்தான். இரண்டு வீட்டுச் சனமும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு எவ்வளவு நாளாயிற்று. பேர் வைக்கும் விழாவுக்கு டிசம்பர் எட்டாம் தேதி குறித்திருக்கிறார்கள். நீங்கள் கட்டாயம் வர வேண்டும்.

பிறந்த அன்று தொப்புள்கொடியிலிருந்து ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினோம் இல்லையா? போன வியாழக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து கவர் வந்துவிட்டது. இன்னும் பிரிக்கவில்லை. பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருக்கிறேன். இப்போது தெரிந்தாலும் இந்த வயதில் மாத்திரை ஒன்றும் கொடுக்கப் போவதில்லை, பேர் வைத்து முடியட்டும், எல்லோரும் சந்தோஷமாக இருக்கும்போது எதற்கு என்கிறார் என் வீட்டுக்காரர். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. இருபது நாள்தானே.

போனில் சொன்னால் இப்போதே பிரி என்பீர்கள். அதனால்தான் கடிதமாக எழுதுகிறேன். இது உங்கள் கைக்கு வர எப்படியும் நாலு நாள் ஆகும்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் அத்தை.

அமுதவள்ளி